தாங்கி கழற்றிய வெள்ளிக்கிழமை

எங்கள் வளவின் முன்னறையில் குடியிருந்த தில்லைநாதன் வேலை முடிந்து வரும்போது ஒழுங்கை முடக்கிலேயே, தெரு திரும்புகிற இடத்தில், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுவார். அங்கிருந்து வாசல் படலை வரை உருட்டிக்கொண்டுதான் வருவார். பாரிசவாதத்தில் கை கால் விளங்காமல் கிடந்த என் கணவர் கனகரத்தினத்துக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு உதறும். உருட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒருநாள் உதறலைக் கண்டார், மறுநாள் தொடக்கம் உருட்டினார். மாரி மழையிலும் அப்படித்தான். அதைப்பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அந்த உருட்டுச் சத்தம்தான் என் உயிரைக் காத்தது.

அவர் பருத்தித்துறை ஆள். உரும்பிராய்க் கமக்காரருக்குக் கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் மருந்தடிக்கச் சொல்லிக் கொடுக்கிற உத்தியோகம். "பெண் பாக்கட்டோ தம்பி?" என்று கேட்டால், "உந்த மோட்டார் சைக்கிளுக்கே தீனி போட்டு முடியேல்லை அக்கா" என்பார்.

அறுபத்தெட்டாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. பெற்றோல் தாங்கிக்குள் துரு பிடித்து வண்டி வழியில் அடிக்கடி நின்றது. காலையில் அதை மாமரத்தடியில் விட்டு, பெற்றோலைப் போத்தல்களில் வடித்தார். இருக்கையை எடுத்து, நட்டுகளைக் கழற்றி, தாங்கியைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கினார். சின்னக் கற்களை உள்ளே போட்டுக் குலுக்கித் துருவைக் கொட்டினார்.

"அக்கா, கொள்ளிக்கட்டை ஒண்டும் இஞ்சாலை கொண்டு வராதேங்கோ."

மத்தியானம் கேட்டேன், "முடிஞ்சுதோ தம்பி?"

"ஓம். ஒரு சொட்டும் இல்லை."

தாங்கியை மூடி திறந்தபடி எங்கள் வெறுங் கொட்டிலுக்குள் காயவைத்துவிட்டு, புது ரப்பர்க் குழாய் வாங்க யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார்.

வெள்ளி என்றால் பொழுதுபட நான் சாம்பிராணிச் சட்டியோடு வளவெல்லாம் சுற்றுவேன். ஒரு மூலையும் விடமாட்டேன். அது சாமி காரியம். சட்டிக்குள் இருப்பது தணல், ஆனால் அதை நெருப்பென்று நான் எண்ணியதே இல்லை. தாங்கியிலும்தான் ஒரு சொட்டும் இல்லையே.

கொட்டில் வாசலில் கால் வைக்கப் போனேன். முடக்கில் எஞ்சின் நின்ற சத்தம். பிறகு மணலில் மோட்டார் சைக்கிள் சில்லு நெரிகிற சத்தம், மெல்ல மெல்லக் கிட்ட வந்தது. தம்பி வந்துவிட்டார், படலையைத் திறப்போம் என்று சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனேன்.

படலையடியில் ஒருவரும் இல்லை. ஒழுங்கை மணலில் ஒரு தடமும் இல்லை. திரும்பினேன். மாமரத்தடியில் மோட்டார் சைக்கிள் தாங்கியில்லாமல், முதுகெலும்பு தெரிய நின்றது. அப்போதுதான் கொட்டில் வெடித்தது.

இருட்டி வந்த தில்லைநாதன் சாம்பலுக்குள் நின்று தலையில் கை வைத்தார்.

"வெறுந் தாங்கிதான் அக்கா பொல்லாதது. பெற்றோல் போனாலும் ஆவி உள்ளுக்கை நிக்கும், வாசல் தணலுக்கும் பிடிக்கும். சொல்லாமல் போனது என்ரை பிழை."

சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "நான் அப்ப பஸ்ஸிலை," என்றார்.

வேறு தாங்கி பூட்டி ஒரு மாதம் இருக்கும். அன்றும் வெள்ளி. தில்லைநாதன் என் கணவரின் கட்டில் ஓரத்தில் இருந்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வண்டி முற்றத்தில் நின்றது. முடக்கில் எஞ்சின் ஓய்ந்தது. சில்லு நெரிந்தது.

"படலையைத் திற," என்றார் என் கணவர், கண்ணைத் திறக்காமலே. "தம்பி உருட்டிக்கொண்டு வாறான்."

தம்பி கோப்பையைக் கீழே வைத்தார். நாங்கள் ஒருவரும் எழும்பவில்லை. சத்தம் படலை வரை வந்து நின்றது. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு மட்டும் அன்று உடம்பு உதறவேயில்லை.

எழுபத்துநாலில் தில்லைநாதனுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. போகிற அன்றும் மோட்டார் சைக்கிளை முடக்கு வரை உருட்டினார். நானும் கூடப் போனேன். ஏறுவதற்கு முன் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நான் போனாலும் அந்தச் சத்தம் வரும். வந்தால் கையிலை இருக்கிறதைக் கீழை வைச்சிட்டு விலகி நில்லுங்கோ. ஆரெண்டு மட்டும் பாக்கப் போகாதேங்கோ."