பிரித்துத் தைத்த கதை

நெருக்கடி நிலைக் காலத்தில் நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். மதியச் சோறு முடிந்ததும் வாரப்பத்திரிகையில் வரும் உளவாளித் தொடர்கதையை எங்கள் கேங்குக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். பீடி பற்றவைக்கக்கூட மறந்து கேட்பார்கள்.

கதையில், உப்பளத்தைப் பறிகொடுத்த ஓர் இளைஞன். அவன் கோபத்துக்குத் தூபம் போட்டு, மெல்ல மெல்லத் தீவிரவாதியாக்கி, கையில் வெடிகுண்டைக் கொடுப்பவனே அரசாங்கத்தின் உளவு அதிகாரி! குண்டு வெடிக்குமா, பையன் தப்புவானா என்று வாரம் முழுக்க எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த இதழை வாங்கிக்கொண்டு ஓடிவந்து படித்தேன். அதே அதிகாரி திடீரென்று உத்தமனாகி, குண்டைக் கண்டுபிடித்து நாட்டைக் காப்பாற்றுகிறான். குண்டு கொடுத்தவன் யாரோ வெளிநாட்டுக்காரனாம்!

"ஏலே, ஒழுங்காப் படி! போன வாரம் குண்டக் குடுத்ததே அவந்தாம்லா!" என்றார் எங்கள் மேஸ்திரி.

"இதுல அப்படித்தான் போட்டிருக்கு அண்ணாச்சி!" என்று நானும் கத்தினேன்.

வழியில் யாரோ பிரித்துச் சரக்கைத் திருடிய மூட்டையைத் தூக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். மூட்டையின் வாயில் மறுபடி போட்ட தையல் விரலில் உறுத்தும்.

மேஸ்திரி துள்ளி எழுந்தார். "ஏலே, பிரிச்சித் தச்ச மூட்டை இது! சர்க்கார் கை வச்சிருக்கு!"

கேங்கே ஆர்ப்பரித்தது. எங்களிடமேவா?

மறுநாள் முதல் கதையை விட்டுவிட்டுத் தினசரியைப் பிரித்தோம். நான் செய்தி செய்தியாகப் படிப்பேன். "தையல் எங்கன இருக்கு, பாருலே!" என்று எல்லாரும் கத்துவார்கள்.

தையல் அகப்படாமல் ஒரு நாளும் நாங்கள் எழுந்ததில்லை.