கதண்டு கொட்டிய பாவாயியும் மூத்திரச் சாடியும்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது கதண்டுக் குளவிக் கூடு கலைந்து உடம்பெல்லாம் கொட்டு வாங்கிய பாவாயி என்ற பெண்ணைக் கட்டை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளின் கடைசி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பொம்பளை வார்டு ஆயா நான். முகம் பரங்கிக்காயாக வீங்கி, கண்ணே தெரியவில்லை.

டாக்டரம்மா ஊசி போட்டு, சலைன் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆயாம்மா, வீக்கம் வத்திரும். இத்தனை கொட்டு வாங்கினா விஷம் சதையையும் ரத்தத்தையும் கரைச்சுக் கிட்னிய அடைக்கும். அதுதான் பயம். தண்ணி உள்ள போகணும், மூத்திரம் வெளிய வரணும். சிந்தாம சாடியில புடிச்சு அளவு சொல்லு."

முதல் தடவை வந்தது கடுங்காப்பி நிறம். நான் சாடியை எடுத்துப் போவதை இமை இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொட்டுக்கூட இல்லை. தண்ணீர் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டுத் தள்ளினாள்.

டாக்டரம்மா கலங்கிவிட்டார். "கிட்னி நின்னிருச்சா, இவ அடக்கறாளான்னு தெரியல. டியூப் விடலாம்னா தொட விடமாட்டேங்கறா. நின்னிருந்தா மெட்ராஸுக்குத்தான் அனுப்பணும். போய்ச் சேருவாளோ என்னவோ. நீ கேட்டுப் பாரு."

கட்டிலோரம் குனிந்தேன். "ஏஞ்சாமி, ஒண்ணுக்கு வருதா, இல்லியா? மறைக்காமச் சொல்லு."

என் மணிக்கட்டைக் காட்டி அழுதாள். மாரியம்மன் நோம்பிக்குத் தீர்த்தக்குடம் எடுப்பதாக விரதமிருந்து மஞ்சள் காப்புக் கட்டியிருந்தேன்.

"காப்புக் கட்டுன கைங்கக்கா. அதுல என்ற மூத்தரத்த ஏந்த வெச்சா, ஆத்தா என்ற புள்ளைகளச் சும்மா உடுவாளுங்களா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அடி கிறுக்கி! எனக்கு லீவு கெடையாது, சாடி தூக்கற கையிலதான் உன்ற தீர்த்தக்குடமுந் தூக்குவேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கட்டியிருக்கறன். அவளே ஒண்ணுஞ் சொல்லுல. உனக்கென்ன? குடி இந்தச் செம்ப!"

மடமடவென்று குடித்தாள். கொஞ்ச நேரத்தில் சாடி நிறைந்தது.

"நிக்கல ஆயாம்மா, கிட்னி நிக்கல!" என்று டாக்டரம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கடுங்காப்பி டீயாயிற்று, டீ வெளுத்து இளமஞ்சளாயிற்று. ஒவ்வொரு சாடியையும் சாமிக்குப் போல இரண்டு கையாலும் ஏந்திப் போனேன்.

குணமாகி ஊருக்குக் கிளம்பும்போது அவள் புருசன் கேட்டான்: "ஏனுங்கக்கா, இன்னும் தண்ணி குடிக்கோணுங்களா?"

"டாக்டரம்மா போதும்ங்கற வரைக்கும் குடிக்கோணும். உங்க கெணறு வத்துனாலும் செரி!"

புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, நிறையக் கதண்டு கொட்டியவர்களின் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். மூத்திரம் வருகிறதா, என்ன நிறம் என்று பாருங்கள். தண்ணீர் வேண்டாம் என்றால் அதட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். நான் கேட்டேன். பாவாயி தன் காலால் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தாள்.