தூளில் செய்த மலை

எங்கள் மலைக்கு ரயில் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வரும் ரோடுதான். ரயில் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும்.

என் வீட்டில் ஒரு ரயில் இருக்கிறது. நான் செய்தது.

ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு. வேலை ஃபேக்டரியில், டிரையர் பக்கம். ஈரத் தூள் உள்ளே போகும், காய்ந்து வெளியே வரும். நாள் முழுக்கச் சூடு, இரைச்சல். வீட்டுக்கு வந்தால் பேசத் தோன்றாது. ஆனால் கை சும்மா இருக்காது.

கடைசி மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அவன் அறையை ஒழித்தோம். கட்டிலுக்கு அடியில் பழைய பொம்மை ரயில் ஒன்று கிடந்தது. மனைவி குப்பையில் போடச் சொன்னாள். நான் கழற்றிப் பார்த்தேன். மோட்டார் ஓடியது. மேல்கூடு மட்டும் உடைந்திருந்தது. பால் டின்னை வெட்டி வேறு கூடு செய்தேன். அது பொம்மை மாதிரி இல்லாமல் என்ஜின் மாதிரி இருந்தது. அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

பிறகு பெட்டிகள் செய்தேன். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை மெலிதாகச் சீவினால் நல்ல சுவர் வரும். ஜன்னல் சட்டத்துக்கு, கறி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சி. கூரைக்கு டின். தண்டவாளம் மட்டும் ஈப்போ கடையில் வாங்கியது. மகனின் கட்டில் இருந்த இடத்தில் பெரிய பலகை போட்டு, அதில் வண்டியைச் சுற்ற விட்டேன்.

இதைப் பற்றி மனைவி தன் அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டாள். அவர்தான் என் மச்சான். மலைக்குக் கீழே பீடோரில் மகள் வீட்டில் இருக்கிறார். வேலை பார்த்த காலம் முழுவதும் ரயில்வேயில்தான் இருந்தார். கீழே ஒரு சின்ன ஸ்டேஷனில் கைகாட்டி இழுக்கிற வேலை. வண்டி வருமுன் நெம்புகோலை இழுத்துக் கைகாட்டியை இறக்க வேண்டும். இறங்கினால்தான் வண்டி உள்ளே வரும். புதிய கரண்டு ரயில் லைன் போட்டபோது அந்த ஸ்டேஷனை இடித்துவிட்டார்கள். பலகைக் கட்டடம். ஒரே நாளில் போய்விட்டதாம். அன்றைக்கு அவர் லீவில் இருந்தார். இடித்ததைப் பார்க்கவில்லை. கடைசியாக எப்போது முழுசாகப் பார்த்தோம் என்றும் அவருக்கு நினைவில்லை.

ஒருநாள் அவரே போன் செய்தார்.

"என்னா மாப்ள, ரயில் ஓட்டுறியாமே. டிக்கெட்டு யாரு கிழிக்கிறா?"

"உங்க தங்கச்சிதான் மச்சான்."

"அப்ப ஒரு பய ஓசியில ஏற முடியாது."

கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கேட்டார்.

"என் ஸ்டேஷனைச் செய்ய முடியுமாலா?"

செய்யலாம் என்றேன். போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வேலை செய்கிற இடத்தை யார் போட்டோ எடுப்பார்கள் என்றார். நான் சொல்கிறேன், நீ செய் என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"கொஞ்சம் சீக்கிரம் செய்யி மாப்ள. இனிப்பு நீரு வியாதி கண்ணுல இறங்கிருச்சு. ஒரு கண்ணுல ஒட்டடை தொங்குற மாதிரி இருக்கு. இன்னொண்ணும் அதே வழிதான்னு டாக்டரு சொல்றாரு. பார்வ போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துரணும்."

சரி என்றேன்.

அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். பிளாட்பாரம் எவ்வளவு நீளம் என்று கேட்டால் மீட்டரில் சொல்லமாட்டார். "நாலு பெட்டி நிக்கும், அஞ்சாவது பெட்டிக்காரன் கல்லுல குதிக்கணும்" என்பார். என்னிடம் இருந்த நாலு பெட்டியை நிறுத்தி அளந்துகொண்டேன். சுவர் மஞ்சள், ஓரம் காப்பி நிறம். மணி என்பது ஒரு துண்டுத் தண்டவாளம், கம்பியில் கட்டித் தொங்கும். தண்ணீர்த் தொட்டி எப்போதும் சொட்டும், அதற்குக் கீழே பாசி. பாசியையும் வைத்தேன். பெஞ்சு மணிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவருக்கும் அவர் தங்கைக்கும் போனிலேயே சண்டை. மனைவி சின்ன வயதில் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோய் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாளாம். கடைசியில் அவள் சொன்ன பக்கமே வைத்தேன். நான் இவளோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

கைகாட்டியைத்தான் கவனமாகச் செய்தேன். கம்பம் சாத்தே குச்சி. கை டின் துண்டு, சிவப்பு அடித்து வெள்ளைப் பட்டை போட்டது. குண்டூசியில் மாட்டினேன். விரலால் தொட்டால் ஏறும், இறங்கும்.

ஸ்டேஷன் முடிந்தது. அன்றைக்கே மச்சானைக் கூப்பிட்டிருக்கலாம்.

கூப்பிடவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் வெறும் பலகை தெரிந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஃபேக்டரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சலித்துப் பிரித்து முடிக்காமல் மூட்டை கட்டமாட்டோம். பாதியில் நிற்கிற எதையும் வெளியே அனுப்பமாட்டோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"மலை ஒண்ணு வெச்சிட்டுக் கூப்பிடுறேன் மச்சான்" என்றேன்.

"என் ஸ்டேஷனுக்குப் பின்னால ஏதுலா மலை? செம்பனைத் தோட்டந்தான்."

"காலையில தூரத்துல மலை தெரியும்னு சொன்னீங்களே."

"தெரியும். நீலமாத் தெரியும். தங்கச்சி அங்கதான இருக்குன்னு பாத்துக்குவேன்." பிறகு விட்டுக்கொடுத்தார். "சரி, வெச்சுக்க. ஆனா எனக்கு ஸ்டேஷன் போதும் மாப்ள."

எனக்கு ஸ்டேஷன் போதவில்லை. நான் அந்த மலையில்தானே பிறந்தேன். அதை நீலமாக விட மனமில்லை. தேயிலை வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கோணிச் சாக்கைப் பசையில் முக்கி மேடு கட்டினேன். ஃபேக்டரியில் சலிக்கும்போது கழியும் பஞ்சுத் தூள் இருக்கும். குப்பைக்குப் போவது. அதைக் கேட்டு வாங்கிப் பச்சைச் சாயத்தில் போட்டுக் காயவைத்தேன். மேட்டில் வரிவரியாக ஒட்டினேன். நடுவில் கொழுந்து எடுக்க ஆள் நடக்கிற சந்து. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் தோட்டம்தான். லைன் முழுக்க வந்து பார்த்தார்கள். ஒருநாள் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணியே வந்தார். குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"நம்ம தூள்தானே? கேட் பாஸ் வாங்கினியாயா?"

"குப்பைக்கு ஏதுங்க பாஸு."

"துரை பாத்தா இதுலயும் கொழுந்து எடுக்கச் சொல்லிருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. தீபாவளிக்கு வந்துவிடுங்கள் என்று மச்சானுக்குச் சொன்னேன். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் மலைக்குப் பின்பக்கமும் தூள் ஒட்டினேன். பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. யாருக்கும் தெரியாத பக்கம். இருந்தாலும் ஒட்டினேன்.

மழை பிடித்துக்கொண்டது. இங்கே தீபாவளிக்கு முன்னால் வருகிற மழை விடாது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். ஒருநாள் காலையில் மனைவி அறைக்குள் போய்விட்டு வந்து அடுப்படியில் நின்றாள்.

"போய்ப் பாருங்க. உங்க மலைக்கு நரை விழுந்துருச்சு."

போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாக வெள்ளைப் பூஞ்சணம். மேட்டில் ஆரம்பித்து ஸ்டேஷன் வரைக்கும் வந்திருந்தது. பலகை ஊறி வீங்கி, தண்டவாளம் ஒரு இடத்தில் முதுகு தூக்கியிருந்தது. என்ஜினை விட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் சாய்ந்து விழுந்தது.

தூள் ஈரம் குடிக்கும். தோட்டத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டிரையர் அறைக் கதவை யாராவது திறந்து வைத்தால் கத்துவது நான்தான். "கதவச் சாத்துடா, தூளு தண்ணி குடிக்குது" என்று தொண்டை கட்டக் கட்டக் கத்தியிருக்கிறேன். அதே தூளை அள்ளி வந்து, மேகம் நுழைகிற அறையில், மூடியில்லாமல் பரப்பி வைத்தேன். ஒட்டி முடித்த பிறகு அது எனக்கு மலையாகிவிட்டது. தூள் என்ற நினைப்பே இல்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன்.

"பொங்கலுக்கு வாங்க மச்சான். பூஞ்சணம் புடிச்சிருச்சு."

"ஸ்டேஷன்லயுமா?"

"கொஞ்சம்."

"தொடச்சிட்டு வையி. நா வர்றேன்."

"இப்பிடியே எப்பிடி மச்சான் காட்டுறது. கேவலமா இருக்கு."

"மாப்ள, எனக்கு அரக்கண்ணு. பூஞ்சணம் எனக்கு எங்கடா தெரியப்போவுது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பொங்கலுக்கே வாருங்கள் என்று மறுபடி சொன்னேன்.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் கேட்டாள்.

"அண்ணே மலையா கேட்டுச்சு?"

பழைய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

தூள் முழுவதையும் சுரண்டி எடுத்தேன். பலகைக்கு அடியில் பல்பு எரியவிட்டுக் காயவைத்தேன். ஸ்டேஷன் சுவருக்கு மறுபடி மஞ்சள் அடித்தேன். தண்டவாளத்தைப் பிடுங்கி நேராக்கிப் போட்டேன். மலை மொட்டைச் சாக்காக நின்றது. அதற்கு என்ன பூசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பொங்கல் நெருங்கிவிட்டது. மச்சானின் மகள் போன் செய்தாள்.

"மாமா, அப்பாவுக்கு நல்லா இருந்த கண்ணுலயும் ரத்தம் கட்டிருச்சு. ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. இப்ப வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதாம்."

தெளிந்துவிடுமா என்று கேட்டேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். டாக்டர் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, ரம்பத்தை எடுத்து ஸ்டேஷனை மட்டும் பலகையோடு அறுத்தேன். முழுப் பலகை எங்கள் கெரெத்தாவில், அந்தச் சின்னக் காரில், போகாது. பிளாட்பாரம், கட்டடம், கைகாட்டி, முன்னால் ஒரு முழத் தண்டவாளம். மனைவி அதைக் கைலியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வளைவு ரோட்டில் வாந்தி வரும். அன்றைக்கு வரவில்லை. தாப்பா போகிற வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பீடோரில் மச்சான் ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிவிட்டார்.

"ஸ்டேஷன் வந்துருச்சா? ஊருலயே மொத தடவையா பிரயாணியத் தேடி ஸ்டேஷன் வருது."

மேசையில் வைத்தேன். அவர் கையைப் பிடித்துக் கூரையில் வைத்தேன். பிறகு நான் பிடிக்கத் தேவைப்படவில்லை. அவர் விரல் தானாகவே போனது. கூரை ஓரம், தூண், கதவு. தொட்டிக்கு அடியில் பாசியைத் தடவிவிட்டு விரலை முகர்ந்தார். மணியைத் தொட்டார்.

"மணி சின்னதா இருக்கே."

"எல்லாம் சின்னதுதான் மச்சான்."

"ஆமால்ல."

பெஞ்சைத் தொட்டார். கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, நீ சொன்ன பக்கந்தான் சரி" என்றார். மனைவி அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

பிறகு அவர் கை ஸ்டேஷனுக்குப் பின்னால் போனது. அங்கே ரம்பம் அறுத்த ஓரம்தான் இருந்தது. சிராய் நீட்டிக்கொண்டிருந்தது.

"மலை?"

"அறுத்துட்டேன் மச்சான்."

"நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு. கெட்டுப்போச்சு."

"நீ அதத்தான் ரொம்ப சொல்லிக்கிட்டு இருந்த" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

கடைசியாகக் கைகாட்டியைக் கண்டுபிடித்தார். கம்பத்தின் அடியிலிருந்து மேலே தடவிப் போய்க் கையைத் தொட்டார். நான் அதை இறக்கி வைத்திருந்தேன். அழகாக இருக்கும் என்றுதான்.

"இறக்கி வெச்சிருக்க. அப்ப வண்டி வருது."

தண்டவாளத்தில் விரலை ஓட்டினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும். ஒன்றும் இல்லை.

"வண்டி எங்க மாப்ள?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ஜின் வீட்டில் அந்த மொட்டைப் பலகை மேல் நிற்கிறது. ஒரு முழத் தண்டவாளத்தில் ஓடவா போகிறது என்று விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"மேல இருக்கு மச்சான்."

"வண்டி மேல இருக்கு, கைகாட்டிய இறக்கி வெச்சிருக்கியா. என் வேலைய தொலைச்சிருப்ப நீ."

விரல் நுனியால் கைகாட்டியை மெதுவாகத் தூக்கி நேராக வைத்தார். அது நிற்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வண்டி வரட்டும். அப்பறம் எறக்கிக்கலாம்."

அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. அதற்கு அடுத்த வாரம் ஃபேக்டரியில் ஆள் இல்லை. காரணம் எப்போதும் இருக்கும். மகனின் அறையில் அறுத்த பலகை அப்படியே இருக்கிறது. மனைவி அதன் மேல் துணி மடித்து வைக்கிறாள். ஸ்டேஷன் இருந்த இடத்தில் ஓட்டை.

இன்றைக்கு ஞாயிறு. என்ஜினைத் துடைத்துத் தூள் டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டேன். காலையிலிருந்து மழை.

"மழை விடட்டும், போலாம்" என்றேன்.

மனைவி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, குடையை விரித்து, வெளியே போய்க் கெரெத்தா பக்கத்தில் நின்றாள்.

சாவியை எடுத்தேன்.