கோட்டில் பறந்த சுண்ணாம்பு

கழுத்து வலிக்கிறது. எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பஞ்சு வைத்த பட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார் டாக்டர். "குனிஞ்சே எழுதற வேலைங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, டென்னிஸ் என்றேன். சிரித்தார். அரியலூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் கைலியோடு உட்கார்ந்திருந்த ஆள் டென்னிஸ் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். நான் மேற்கொண்டு விளக்கவில்லை. விளக்கி விளக்கிக் களைத்தாயிற்று.

இரட்டையர் ஆட்டத்தில் ஒருவன் வலையருகே நிற்பான், இன்னொருவன் பின்கோட்டில் நிற்பான். வலையருகே நிற்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலைக்கு மேல் பந்து போனால் போகட்டும், அது பின்னால் இருப்பவன் பாடு. முதுகை ஒருவனிடம் கொடுத்துவிட்டு எதிரே பார்த்து நிற்பதுதான் அந்த ஆட்டமே. நான் ஏழு வருஷம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கழுத்துதான் இது.

பின்னால் நின்றவர் எங்கள் சிமெண்ட் ஆலையில் பர்னர். சூளைக்குள் எரியும் நெருப்பை நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்து, நிறத்தைக் கொண்டு சூடு கூட்டவா குறைக்கவா என்று சொல்கிற வேலை. அவர் கண்தான் மீட்டர். அவர் தலையாட்டினால்தான் கரி ஏறும், இறங்கும். நான் லேப். மணிக்கொரு தரம் அரைத்த சுண்ணாம்புக்கல் மாவையும், சூளையில் வெந்து வந்த கட்டியையும் எடுத்து வந்து சோதிப்பேன். என்னைவிட அவருக்குப் பத்து வயது கூட. நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார்.

ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஊர் அவருக்கு. அவர் அப்பா ஊரார் களத்தில் நெல் அடித்தவர். களத்து ஓரத்தில் சாணிக்கோடு ஒன்று உண்டாம். கூலி அளக்கும்போது அவர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பையன் பர்னர் ஆனான். அந்த வம்சத்தில் ஒருத்தரைப் பார்த்து "சார், சூளை எப்படி இருக்கு?" என்று இன்ஜினியர் கேட்டது அப்போதுதான். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், சாக்ஸை உதறிக்கொண்டே.

டென்னிஸ் எங்களிடம் வந்த விதம் எளிது. ஆபீஸர்களுக்காக ஆலைக்குள் ஒரு கோர்ட் போட்டிருந்தார்கள். நாலாவது ஆள் வராத சாயங்காலங்களில், பூப்பந்து ஆடுகிற எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்றே மாதத்தில் ஆபீஸர்கள் எங்களிடம் தோற்றார்கள். ஒரு வருஷத்தில் எங்களைத் திருச்சிக்கு அனுப்பினார்கள். கும்பகோணம், விருத்தாசலம், பெரம்பலூர் என்று எங்கெங்கோ பஸ் ஏறினோம். கண்டக்டர் மட்டைகளைப் பார்த்து, "இது என்னங்க, கொசு அடிக்கிறதா?" என்பார். "ஆமாங்க, பெரிய கொசுவுக்கு" என்பார் அண்ணன். லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருத்தர், துபாயிலிருந்து வந்தவர், பந்து டப்பா கொண்டுவந்து கொடுப்பார். டப்பாவைத் திறந்ததும் வருகிற அந்த வாசனைக்கு நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொள்வோம். ஆறு வருஷம் எங்களை யாரும் ஜெயிக்கவில்லை. கோப்பைகள் ஆலை கேண்டீன் அலமாரியில், ஊறுகாய் ஜாடிகளுக்கு மேல்தட்டில், சிமெண்ட் தூசி படிந்து நின்றன.

எங்கள் கோர்ட்டுக்குக் கோடு போடுவது நான். லேபில் மிஞ்சிய சுண்ணாம்பு மாவைக் விரல் கனத்துக்கு உலர்வாகவே தூவிவிடுவேன். கோட்டில் பந்து பட்டால் வெள்ளையாகப் புகை பறக்கும். உள்ளேயா வெளியேயா என்று எங்கள் கோர்ட்டில் சண்டையே வராது. புகை பறந்தால் கோடு, கோடென்றால் உள்ளே. நாங்கள் போன மற்ற ஊர்களிலும் சுண்ணாம்புதான். இதில் ஒரு விசேஷம் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏழாவது வருஷம் பெரம்பலூரில் ஃபைனல். வெயில் இறங்கின நேரம். செம்மண் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து உருளை இழுத்திருந்தார்கள். அந்த வருஷம் புதிதாகச் சுண்ணாம்புக்குப் பதில் வெள்ளை நாடா. நாடாவை நீளமாக விரித்து ஆணி அடித்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எதிரே ஒரு வக்கீலும், விவசாய ஆபீஸர் ஒருத்தரும். உயர நாற்காலியில் உட்கார்ந்த அம்பயர் கணக்கு மட்டும் சொல்வார். கோட்டுப் பந்தை அவரவர் பக்கத்தில் அவரவர்தான் சொல்ல வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். மரியாதையும் அதுதான்.

முதல் செட்டிலேயே அண்ணன் இரண்டு பந்துக்கு "அவுட்" என்றார். இரண்டும் நாடாவில் பட்டவை. நானே பார்த்தேன். வக்கீல் மட்டை நரம்பை விரலால் நெருடிக்கொண்டார். மூன்றாவது தடவை பெஞ்சுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சிமெண்ட்ல கலப்படம் பண்றது பத்தாதா? கோட்டுலயும் பண்றானுங்களே!"

சிரித்தார்கள். பக்கம் மாறும்போது தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, அது உள்ளதான விழுந்துச்சு?"

"இல்லையே."

"நாடாவுலயே விழுந்துச்சுண்ணே."

"பொக பறக்கலயே தம்பி."

சொம்பு என் கையில் அப்படியே நின்றது. அவர் முகத்தை நான் அதுவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்க்காமல் என் காதோரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் புரிந்தது, ஓரமாகப் பார்த்தால்தான் அவருக்கு நான் தெரிவேன்.

"எவ்வளவு நாளாண்ணே?"

"ரெண்டு வருசம். நேராப் பாத்தா நடுவுல ஒரு பொட்டு. ஓரத்துல தெரியும். கண்ணாடிக்கு அடங்காதுன்னு திருச்சியில சொல்லிட்டாங்க. அனலு தின்னுருச்சாம்."

"அப்ப பந்து?"

"சத்தம் இருக்குல்ல. ஒன் முதுகு இருக்குல்ல. நீ எந்தப் பக்கம் சாயறியோ அந்தப் பக்கம் ஓடுறேன்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லிராத. சூளையிலேருந்து எறக்கிருவானுங்க" என்றார்.

அம்பயர் கூப்பிட்டுவிட்டார். கண்ணை வைத்துத்தானே வேலை என்று நான் நினைத்ததை நடக்கும்போதே அண்ணன் கண்டுகொண்டார் போல. "நெருப்பு பொட்டவிடப் பெருசு தம்பி. அது எனக்குத் தெரியும்" என்றார்.

அதன்பிறகு இரண்டு பேருக்கும் நானே கண். "எனக்கு", "ஒங்களுக்கு", "விடுங்க", "ஓரம்" என்று கத்திக் கத்தியே, முதல் செட் போனாலும் இரண்டாவதை எடுத்தோம். மூன்றாவதில் ஐந்துக்கு நாலு, எங்கள் சர்வீஸ். ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை. அண்ணன் சர்வீஸ் போட்டார். நான் வலையருகே. வக்கீல் பந்தை என் தலைக்கு மேல் உயரத் தூக்கிவிட்டார். பின்னால் காலடி ஓடுகிற சத்தம், நிற்கிற சத்தம். ஒரு நொடி கழித்து,

"அவுட்!"

நான் திரும்பினேன். ஈரமான செம்மண்ணில் பந்து விழுந்த குழி, பாதி நிலாபோல, நாடாவை ஒட்டி நின்றது. மீதிப் பாதி நாடாவில். வக்கீல் வலையைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்தார்.

"எங்க விழுந்துச்சுன்னு காட்டுங்க சார், பாத்துக்கலாம்."

அண்ணன் மட்டையால் ஒரு தடத்தைக் காட்டினார். அது பழைய தடம். கோட்டுக்கு ஒரு சாண் வெளியே. புதுக்குழி அவர் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. பெஞ்சில் ஊளை கிளம்பியது. "அய்யோ, கண்ணு முன்னாடியே ஏமாத்துறான்யா!" வக்கீல் என்னைப் பார்த்தார். அம்பயர் என்னைப் பார்த்தார். அண்ணன் என் காதோரம் பார்த்தார்.

கூட்டாளிகள் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் பாயிண்ட் எதிராளிக்கு.

"உள்ள" என்றேன்.

உண்மைக்காகச் சொன்னேன் என்று பிற்பாடு பலரும் பேசினார்கள். நான் களைப்பில்தான் சொன்னேன். ஒரு மணி நேரமாக நாலு கண்ணால் பார்த்துத் தொண்டை வற்றிப்போயிருந்தது. வாயில் முதலில் வந்த சொல் அது. அதன்பின் எங்கள் கையில் பந்து நிற்கவில்லை. தோற்றோம். கோப்பை கொடுத்தவர் மேடையில் என் பெயரைச் சொல்லி, இந்த மாதிரி நேர்மையான ஆட்டக்காரர் வேண்டும் என்றார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் முழுக்க அண்ணன் தோலை உரித்து எனக்குப் போர்த்தியது. அண்ணன் பெஞ்சு ஓரத்தில் மட்டையை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஜிப் எங்கே என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஆலைக்குள் சேதி வந்துசேர்ந்தது. "அவுட்டு வராருப்பா" என்றார்கள். அதுவே பெயராயிற்று. கேண்டீனில் டீ கொடுப்பவன்கூட, "அவுட்டுக்கு ஒரு ஸ்ட்ராங்" என்பான். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, புது இன்ஜினியர் ஒருவரோடு சேர்ந்து ஆடச் சொன்னார். "ஒங்க பேரு கெடக் கூடாது பாருங்க." நான் நேரே சூளை மேடைக்குப் படியேறினேன். அனல் முகத்தில் அறைந்தது. அவர் நீலக் கண்ணாடியைக் கண்ணோரமாகச் சாய்த்துப் பிடித்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிரட்டுமாண்ணே? ஏமாத்தல, தெரியலன்னு?"

கண்ணாடியை இறக்கவில்லை.

"கள்ளன்னு சொன்னா சிரிப்பானுங்க. குருடன்னு சொன்னா அனுப்பிருவானுங்க. நான் கள்ளனாவே இருந்துக்கறேன் தம்பி." பிறகு பின்னால் திரும்பி, "டேய், கரியக் கொஞ்சம் கொறடா" என்று உதவியாளைப் பார்த்துக் கத்தினார். அன்றைக்கு வந்த சாம்பிளை நான்தான் சோதித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கடுத்த ஏழு வருஷமும் அவர் ஷிஃப்டு சாம்பிள் வந்தால் மட்டும் இரண்டு தடவை சோதித்தேன். சந்தேகமா, பாசமா, இன்னும் தெரியவில்லை. ஒரு தடவையும் குறை இல்லை.

வெளியூர் ஆட்டங்களை விட்டுவிட்டேன். இன்ஜினியரோடு ஆட மறுத்தேன், முழங்கால் என்று பொய் சொன்னேன். அண்ணனும் நானும் சாயங்காலங்களில் எங்கள் கோர்ட்டில் மட்டும் ஆடினோம். கோட்டை முன்னைவிடக் கனமாகத் தூவினேன். புகை நன்றாகப் பறந்தது. ஆனாலும் அவர் "அவுட்" என்று வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்பதால், சொல்கிற வேலையெல்லாம் எனக்கே. வலையருகே நின்று, ஒவ்வொரு பந்துக்கும் கழுத்தைத் திருப்பி, சொல்லி, மறுபடி எதிரே பார்த்து. இப்படித்தான் சாம்பியன் ஒருவனின் மீதி ஆட்டம் கழிந்தது. சந்தோஷம் இல்லை என்று சொல்ல முடியாது. களைப்பு, ஆனால் விட்டுப்போகிற களைப்பு இல்லை.

பிறகு சூளைக்கு நிஜ மீட்டர்கள் வந்தன. முள் ஆடியது, விளக்கு எரிந்தது, பழைய பர்னர்களை முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார். கேண்டீனில் வழியனுப்பு விழா. மாலை, சால்வை, மிக்சர். எல்லோரும் பேசினார்கள். மேனேஜர், "இருவத்தி ரெண்டு வருசத்துல இவர் பார்த்த சூளையில ஒரு தப்பு கெடையாது" என்றார். அண்ணன் முதுகு நிமிர்ந்தது. அடுத்தவர் எழுந்து, "சூளையில இல்ல சார், கோர்ட்டுல உண்டு" என்றார். கூடமே சிரித்தது. "அவுட்டு! அவுட்டு!" அண்ணனும் சிரித்தார்.

எனக்குள் ஏழு வருஷம் அடைத்துக் கிடந்தது பொங்கிவிட்டது. இனி யார் அவரை என்ன செய்ய முடியும், வேலைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்தேன். மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சொன்னேன். அவர் ஏமாற்றவில்லை. அவருக்குப் பந்து தெரியவில்லை. அன்றைக்கு முன்னாலேயே இரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

சிரிப்பு நின்றது. நான் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் மேனேஜர் மெல்லத் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருசம் சூளைய யாருங்க பாத்தது?"

யாரோ மிக்சர் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு தரம் சோதித்ததை நான் சொல்லியிருக்கலாம். குறையே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், நீ ஏன் இரண்டு தரம் சோதித்தாய் என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் சால்வையை மடித்தார். ஓரத்தோடு ஓரம் விரலால் தொட்டுத் தொட்டு, நாலாக மடித்தார்.

பஸ் ஸ்டாண்டுவரை இருவரும் நடந்தோம். ஆலத்தியூர்ப் பக்கம் போகிற பஸ் ஒன்று கிளம்பிப் போனது. டீக்கடை முன்னால் நின்று அவர் சொன்னார்:

"பந்துல கெட்ட பேரு எடுத்தேன். நெருப்புல நல்ல பேரு வச்சிருந்தேன். அதுக்குத்தான அதப் பொறுத்துக்கிட்டேன்."

"தெரியாமச் செஞ்சுட்டேண்ணே."

"நீ எப்பவும் உள்ளதத்தான் சொல்ற" என்றார். குற்றமாகவும் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை.

ஒரு பஸ் வந்து நின்றது. அவர் போர்டுப் பக்கம் முகத்தைச் சாய்த்தார், இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு என் காதோரம் பார்த்தார்.

"ஜெயங்கொண்டந்தானா?"

"ஆமாண்ணே. மூணு படி. ஏறுங்க."

ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தாரா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பஸ் கிளம்பியபோது சாலையோரத்து வெள்ளைப் புழுதி எழுந்து மறைத்துவிட்டது.