ரேடியோவில் என் குரல் வந்த சாயங்காலம்

அண்ணனுக்குக் குரல் உடைந்த வருஷம்தான் எனக்கு அவன்மேல் பொறாமை பற்றிக்கொண்டது. அதுவரை நாங்கள் இருவரும் சமம். யார் கூப்பிட்டாலும் அப்பா திரும்ப மாட்டார். கப்பலின் என்ஜின் ரூமில் பல காலம் வேலை பார்த்து, காது மந்தமாகி, திருப்போரூர் வீட்டோடு வந்து தங்கியவர் அவர். எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். 'ஆமாம்' என்பதற்கும் 'கேட்கவில்லை' என்பதற்கும் அது ஒன்றுதான் பதில்.

அண்ணனுக்குத் தடித்த குரல் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. அவன் தெருவில் நின்று "நைனா" என்றால் உள்ளேயிருந்து "இன்னாடா?" என்று பதில் வந்தது. நான் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அதே தலையாட்டல். அவனை மட்டும் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கப்பல் கதை சொல்லிவிட்டு வருவார். எனக்குச் சுண்டல் வரும்.

அண்ணனைவிட அப்பாவுக்கு நெருக்கமானது ரேடியோதான். ஏதோ துறைமுகத்தில் வாங்கியது. அதைக் காதோடு அழுத்திக்கொண்டு செய்தி கேட்பார். ரேடியோவுக்குள் போய்விட்டால் நம் பேச்சையும் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பள்ளியில் சிறுவர் நிகழ்ச்சிக்கு ஆள் எடுத்தபோது டீச்சரை நச்சரித்து இடம் பிடித்தேன். சென்னைக்குப் போய், அப்பாவின் கப்பலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

ஒலிபரப்பான அன்று சாயங்காலம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அறிவிப்பாளர் கனத்த குரலில் என் பெயரைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாப்பா பேரு சொல்றாம்பா!" என்றார்.

பிறகு ரேடியோவில் என் குரல் பேசத் தொடங்கியது. அப்பாவின் சிரிப்பு மெல்ல மறைந்தது. பெட்டியைத் தட்டினார், குலுக்கினார். "ஸ்டேஷன் போச்சுடா" என்று குமிழைத் திருகினார்.

"அய்யோ, திருப்பாதய்யா!" என்று அம்மா அலறியது அவருக்கு எட்டவில்லை.

"நைனா! பாப்பாதான் பேசிகினு கீது!" என்று அண்ணன் கத்திய பிறகுதான் கை நின்றது. மறுபடி நிலையத்தைப் பிடிப்பதற்குள் வேறொரு பிள்ளை பாடத் தொடங்கிவிட்டது.

"சூப்பரா பேசின பாப்பா" என்றான் அண்ணன். அவன் கையைக் கடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். என் பேச்சுக்குக் காவல் நிற்கவும் அவன் குரல்தான் வேண்டியிருந்தது. அப்பாவோ சோறு ஆறிப்போகும்வரை குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தக் கரகரப்பு கேட்கக் கேட்க எனக்குப் பெட்டிமேலும் ஆத்திரம் வந்தது.

பல வருஷங்கள் கழித்து, போன வருஷம்தான் செங்கல்பட்டில் அவருக்குக் காது மெஷின் வைத்தோம். என்ஜின் இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்குக் கீச்சுக் குரல்கள்தான் முதலில் கேட்காமல் போகும் என்று சோதித்த பெண் சொன்னாள். பிள்ளைகளின் குரலும் அதில் சேர்த்தி.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா கேட்டார். "அன்னிக்கி ரேடியோல இன்னா பேசின?"

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"கப்பல்ல ஸ்டேஷன் போச்சுன்னா, கொஞ்ச நேரத்துல திரும்பி வரும். நீயும் வருவன்னு திருப்பிகினே இருந்தேன்" என்றார்.

பொறாமையில் குப்புறப் படுத்திருந்த எனக்கு, அடுத்த அறையில் அவர் தேடுவது என்னைத்தான் என்று அன்று தெரியவில்லை.