பெரியப்பா செத்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் பெரியப்பா உண்மையிலேயே இறப்பதற்கு முன்னால் ஏழெட்டு முறை செத்திருக்கிறார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், காலை பதினொரு மணி வாக்கில், இட்லி செரித்துக் கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கும் நேரத்தில். கூடத்துச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "சரி, நான் போயிட்டேன். ஆரம்பிங்க" என்பார். உடனே நானும் பெரியம்மாவும் வேலையைத் தொடங்க வேண்டும். அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு அடுத்த தெருவில்தான் என்றாலும், அந்த ஆட்டத்துக்காகவே ஞாயிறு விடிந்ததும் அங்கே ஓடிவிடுவேன்.

பெரியப்பா டெல்டாவில் ஊர் ஊராக மாற்றலாகி, தாலுகா ஆபீஸ்களில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருந்த எங்கள் ஊரில் அவருக்கு ஒரு வீடும், சின்னதாக ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற மறு மாதமே தன் வாழ்க்கை முழுவதையும் காகிதக் கட்டுகளாக்கிவிட்டார். முதல் கட்டில் "நான் இறந்த அன்று" என்று ஆபீஸ் கையெழுத்தில் எழுதியிருந்தது. இரண்டாவதில் "காரியம் வரை". மூன்றாவதில் "காரியத்துக்குப் பிறகு". மூன்றையும் சிவப்பு நாடாவால் கட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

முதல் ஒத்திகை பத்தே நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டது. பீரோ சாவி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு முதல் கட்டில் இருந்தது. முதல் கட்டு பீரோவுக்குள் இருந்தது. பெரியம்மாவும் நானும் அரிசிப் பானை வரைக்கும் கையை விட்டுத் தேடியபிறகு, செத்துப்போன பெரியப்பா பொறுக்க முடியாமல் ஒரு கண்ணைத் திறந்து, "காலண்டருக்குப் பின்னால பாருங்களேன்" என்றார். செத்தவர்கள் பேசக் கூடாது என்று நான் அதட்டினேன். அன்றிலிருந்து சாவி பற்றிய குறிப்பு மட்டும் தனியாக அரிசிப் பானை மூடியில் ஒட்டப்பட்டது.

இரண்டாவது வாரத்திலிருந்து எனக்குப் பதவி உயர்வு. கூடத்துச் சன்னல்தான் தாலுகா ஆபீஸ் கவுண்ட்டர். உள்பக்கம் ஸ்டூல் போட்டு, பெரியப்பாவின் பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் அதிகாரியாக உட்காருவேன். மை காய்ந்துபோன ஒரு ரப்பர் ஸ்டாம்பும், மார்க் போட ஒரு நோட்டும் கொடுத்திருந்தார். பெரியம்மா வெளியே செம்பருத்திச் செடி ஓரமாக, வெயிலில், கையில் ரெக்சின் பையுடன் நிற்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் கேட்டு வந்திருக்கும் விதவை அவர். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் வீடும் தோப்பும் அவர் பெயருக்கு மாறும். இல்லையென்றால் பெரியம்மா தன் வீட்டுக்குள்ளேயே யாரோவாக ஆகிவிடுவார் என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். அந்த ஒரு பயம்தான் அவரை வாராவாரம் சாகடித்தது.

எனக்கு அந்த ஸ்டூல் ரொம்பப் பிடித்திருந்தது. வேண்டுமென்றே பெரியம்மாவைக் காக்க வைத்தேன். "சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க" என்று சன்னலைச் சாத்தினேன். பெரியம்மாவும் சளைத்தவரில்லை. தோப்பின் சர்வே நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எந்த எல்லையில் யார் நிலம், எந்த வருஷம் கிரயம், இறப்புச் சான்றிதழில் எத்தனை நகல் வேண்டும் எல்லாம் தலைகீழ்ப் பாடம். தோப்புக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து தேங்காய் வெட்ட ஆள் கூப்பிடுவது வரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். பெரியப்பாவுக்குத் தென்னை மரத்தைக் காகிதத்தில்தான் தெரியும்.

ஆனால் ஒரே ஒரு கேள்வியில் பெரியம்மா ஒவ்வொரு வாரமும் பெயிலானார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

பெரியம்மா பதில் சொல்ல மாட்டார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் பெரியப்பாவின் பெயரைச் சொன்னதே இல்லை. அது ஒரு சாமியின் பெயர் என்பதால் அந்தச் சாமியையும் சொல்ல மாட்டார், "மலைமேல இருக்கறவங்க" என்பார். எங்கள் ஊருக்கு வரும் பிரைவேட் பஸ்ஸுக்கும் அதே பெயர்தான். ஊரே அந்தப் பெயரைச் சொல்லிப் பஸ் வந்துவிட்டதா என்று கேட்கும்போது, பெரியம்மா மட்டும் "நம்ம வீட்டு பஸ் போயிருச்சா?" என்று கேட்பார். கண்டக்டர்களும் பழகிப்போய், "உங்க வீட்டு பஸ் வருதுங்க ஆச்சி" என்பார்கள்.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று என் அம்மாவிடம் கேட்டேன். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பெரியம்மாவுக்கு ஒரு எண்ணம் என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. என் அம்மா கோபம் வந்தால் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அப்பா வருஷத்துக்கு வருஷம் பருத்துக்கொண்டேதான் வந்தார். நான் அதைப் பெரியம்மாவிடம் ஆதாரமாகவே எடுத்து வைத்துப் பார்த்தேன். "உங்கம்மா படிச்சவ" என்று அவர் முடித்துக்கொண்டார்.

கேள்விக்குப் பதிலாக ரேஷன் கார்டை நீட்டிப் பெயருக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். வாயால் சொல்ல வேண்டும் என்றேன். எழுதித் தரட்டுமா என்றார். கூடாது என்றேன். நாற்காலியிலிருந்து பிணமும் "வாயால சொல்லணும்" என்று ஆமோதித்தது. நோட்டில் முட்டை போட்டு, மை இல்லாத ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினேன். பெரியம்மா சிரித்துக்கொண்டே குழம்பைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு ஆத்திரமாக இருந்தது. இத்தனை சுலபமான கேள்வியில் ஒருவர் பெயிலாகலாமா?

ஐந்தாவது முட்டையோ ஆறாவது முட்டையோ போட்ட அன்றைக்குப் பெரியப்பா சாவிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஒரு பேரு. வாயத் தொறந்து சொன்னா என்ன, என் உசுரு போயிடுமா?"

"போனாலும் போவும்" என்றார் பெரியம்மா, கரண்டியும் கையுமாக.

பெரியப்பா சன்னலைப் பார்த்தபடியே சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கேயோ ஓர் ஊரில், ஓர் அம்மா கவுண்ட்டருக்கு வந்திருக்கிறார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதற்குச் சொல்லாமல் நின்றிருக்கிறார். பின்னால் பெரிய வரிசை. "பேரு தெரியாமத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனியா?" என்று பெரியப்பா சத்தம் போட்டிருக்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. காகிதத்தயெல்லாம் எடுத்து முந்தானையில சுத்திக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்ப வரவே இல்ல. வருவாங்க, வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் கண்ணாடியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார்.

"நான் அப்படித் திரும்பி வந்துட மாட்டேங்க. அங்க சொல்லிருவேன். இங்க சொல்ல மாட்டேன்."

அது எப்படி, பாடம் படிக்காமல் பரீட்சை எழுதுவது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். இரண்டு பேருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஒத்திகைகள் குறைந்துபோயின. அடுத்து ஒரு முறையோ இரண்டு முறையோ பெரியப்பா சும்மா சம்பிரதாயத்துக்குச் செத்தார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்க வேண்டாம் என்று எனக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. நான் மனசுக்குள் முட்டை போட்டுக்கொண்டேன்.

பெரியப்பா போனது ஐப்பசி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார், ஐந்தாவது நாள் இல்லை. ஒத்திகை பார்த்ததில் எதுவுமே அதில் இல்லை. நாற்காலி இல்லை, குழம்பு இல்லை, "ஆரம்பிங்க" என்று சொல்ல ஆள் இல்லை.

ஆனால் கட்டுகள் இருந்தன. பெரியம்மா நடுக்கூடத்திலிருந்து எழுந்துபோய், அரிசிப் பானை மூடியைப் பார்க்காமலேயே காலண்டருக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து என் அப்பாவிடம் கொடுத்தார். முதல் கட்டில் யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று இருந்தது. எந்த வேட்டி, எந்தப் போட்டோ என்றுகூட இருந்தது. இப்படி ஒரு மனுஷனா என்று வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். இரண்டாவது கட்டின் கடைசிப் பக்கத்தில், காரியச் சாப்பாட்டுக்கு இன்ன சமையல்காரர் வேண்டாம், சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டுவார் என்று எழுதியிருந்தது. அப்பா கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை. அதே சமையல்காரர்தான் வந்தார். பந்தியில் எல்லோரும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தபோது, பெரியம்மா முகத்தில் அந்தப் பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

மூன்றாவது கட்டைப் பெரியம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. ரெக்சின் பையில் தானே வைத்துக்கொண்டார். அரைப் பரீட்சை லீவு நாளில் அவரும் அப்பாவும் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார்கள். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். பயிற்சி கொடுத்த அதிகாரி இல்லாமல் எப்படி? உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் உதறலாக இருந்தது. அந்தக் கேள்வி வரும், பெரியம்மா ரேஷன் கார்டை நீட்டுவார், வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், பெரியம்மா காகிதங்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுவார் என்று பஸ்ஸில் போகும்போதே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

கவுண்ட்டரில் இருந்தவர் என்னைப் போலக் கெட்டவர் இல்லை. சாதுவான, சளி பிடித்த மனிதர். காகிதங்களை வரிசையாக வாங்கினார். வரிசை குலையாமல், நகல்களோடு, நாடா கட்டி வந்த கட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்வே நம்பர் கேட்டார். பெரியம்மா சொன்னார். இறந்த தேதி கேட்டார். அதையும் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் பேரும்மா?"

நான் பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். தயங்குவார் என்று தெரிந்து, அப்பா பக்கத்திலிருந்து குனிந்து வாயைத் திறந்தார். பெரியம்மா கையை உயர்த்தி அப்பாவை நிறுத்தினார்.

பிறகு சொன்னார். இனிஷியலோடு, முழுப் பெயரையும், கடைசியில் இருக்கிற இருக்கைகள் வரை கேட்கும்படி. குரல் நடுங்கவில்லை. பல நாள் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகியதைப் போல அத்தனை தெளிவாக இருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவை ஒரு நொடி பார்த்தார். என் அப்பா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் பெயரை அண்ணி சொல்லி அவரும் கேட்டதில்லை.

எனக்கு ஒரே பெருமை. எட்டி அவர் காதில், "பெரியம்மா, பாஸ்!" என்றேன்.

பெரியம்மா என் தலையில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. கவுண்ட்டர்காரர் எழுதி முடித்து, சீல் குத்தி, ரசீது கொடுக்கும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

திரும்பும்போது எங்கள் வீட்டு பஸ்தான் வந்தது. பெரியம்மாவுக்குச் சன்னல் ஓரம் கொடுத்தோம். எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியாமலே இருந்தது. ஊர் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன்.

"இவ்வளவு நல்லா சொல்றீங்களே பெரியம்மா, அப்பவே சொல்லியிருந்தா பெரியப்பாவும் கேட்டிருப்பாருல்ல?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். அவர் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம் வெளியே திரும்பி, ஊர் வரும் வரை அழுதார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மார்க் நோட்டில் அத்தனை முட்டை போட்டதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பக்கங்களை எல்லாம் ரப்பரால் அழித்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நூறு என்று எழுதி, அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.