தண்ணீர் லாரி பவுலுசியும் பக்கத்து வீட்டு விளக்கும்

எங்கள் ஊர் ஹட்சன் விரிகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. வெளியூருக்கு ரோடு கிடையாது. ஆளும் பாலும் பீரும் விமானத்தில்தான் வர வேண்டும். வீட்டுக்கு வீடு தண்ணீர் லாரியில் போகும். அந்த லாரியைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவர் பவுலுசி. எனக்குப் பெரியப்பா மகன். எந்த வீட்டில் யார் தினமும் குளிக்கிறார்கள், யார் குளிப்பதே இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு வார்த்தை வெளியே விட மாட்டார்.

பீரும் பிடிக்கும், கஞ்சாவும் பிடிக்கும் அவருக்கு. "கஞ்சா பிடிச்சா பீர் பாதியா குறையுது. அப்போ அது மருந்துதானே?" என்பது அவருடைய வாதம். அந்த மருந்தை அவர் ஒரு நாளும் வேளை தவறவிட்டதில்லை.

மார்ச் மாதம் தெற்கிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்தார். ஊரில் குடிக்கிறவர்கள் கஞ்சாவும் பிடிக்கிறார்களா என்று ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டார். அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது. மொழிபெயர்க்க ஹன்னாவை உட்கார வைத்தார்கள். ஹன்னா வேறு யாருமில்லை, பவுலுசியின் மனைவி கிட்டிக்குச் சொந்த அக்கா. அன்று நடந்ததைப் பவுலுசியே எங்கள் கடைக்கு வந்து, என் கல்லாவுக்கு முன்னால் நின்று நடித்துக் காட்டினார்.

"நீ சொல்றது வெளியே யாருக்கும் தெரியாதுன்னு டாக்டர் சொல்றாரு" என்றாளாம் ஹன்னா.

"உங்களுக்குத் தெரியுமே மதினி!"

"நான் என்ன வெளியாளா? சொல்லு. போன மாசம் எத்தனை நாள் குடிச்சே?"

"விமானம் வந்த நாளெல்லாம்."

"கஞ்சா?"

"விமானம் வராத நாளெல்லாம்."

"ரெண்டும் சேர்த்து?"

"விமானம் லேட்டா வந்த நாள்."

ஹன்னா டாக்டர் பக்கம் திரும்பி ஐந்து நிமிஷம் பேசினாளாம். அவர் சொன்னது நாலு வார்த்தை, நீங்கள் இவ்வளவு பேசுகிறீர்களே என்று டாக்டர் திகைத்தாராம். "நாலு வார்த்தைதான் சொன்னாரு. மிச்சம் எனக்குத் தெரிஞ்சது" என்றாளாம் ஹன்னா.

அடுத்த வாரமே விமானம் லேட்டாக வந்தது. மூன்று நாள் பனிப்புயலில் வெள்ளிக்கிழமை வரவேண்டியது திங்கட்கிழமை பகல் வந்து இறங்கியது. பவுலுசி காலையிலேயே 'மருந்து' எடுத்திருந்தார். மத்தியானம் அவருடைய கூட்டாளி தமுசி தன் பங்கு பீர்ப் பெட்டியோடு லாரியில் ஏறிக்கொண்டான்.

"நாலு நாளா தொண்டை காயுது மச்சான். ஆளுக்கு ரெண்டே ரெண்டு."

ரெண்டு, நாலாயிற்று. தமுசி இறங்கிப் போனான். பவுலுசி பாதிரியார் அய்சாவின் வீட்டுச் சுவரில் குழாயை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, லாரிக்குள் போய் உட்கார்ந்தார்.

தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் வீட்டு வெளிச்சுவரில் சிவப்பு விளக்கு எரியும், நிரம்பினால் அணையும். பவுலுசி விளக்கையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணையவே இல்லை. எப்படி அணையும்? அவர் பார்த்தது பக்கத்து வீட்டு விளக்கை. பாதிரியார் வீட்டுத் தொட்டி நிரம்பி, வழிந்து, லாரி மொத்தமும் காலியாகிவிட்டது. அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. பாதிரியார் வாசலிலிருந்து எங்கள் கடை வாசல்வரை சரிவு முழுக்கக் கண்ணாடிபோல் உறைந்தது.

சத்தம் கேட்டுப் பாதிரியார் கதவைத் திறந்து ஒரு கால் வைத்தார். மறு கால் வைக்க அவசியமே இருக்கவில்லை. நான் கல்லாவிலிருந்து பார்க்கிறேன், உட்கார்ந்த வாக்கிலேயே மனிதர் வந்து கடைப்படியில் முட்டி நின்றார். எலும்புக்கு ஒன்றுமில்லை. எழுந்து பனியைத் தட்டிவிட்டு, "வந்ததுதான் வந்தேன், ஒரு பாக்கெட் டீத்தூள் கொடும்மா" என்றார்.

எங்கள் ஊர் ரேடியோவில் யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் பேசலாம். சாயங்காலம் அதில் வேறு பேச்சே இல்லை. போன் செய்தவர்கள் எல்லோரும் பாதிரியார் எவ்வளவு வேகத்தில் போனார் என்று சண்டை போட்டார்கள். பவுலுசியும் போன் செய்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். கடைசியாக அலாசி பேசினாள். பாதிரியாருக்குப் பக்கத்து வீட்டுக்காரி, இரட்டைக் கைக்குழந்தைகளின் தாய்.

"பவுலுசி அண்ணே, நீங்க பார்த்துக்கிட்டிருந்தது எங்க வீட்டு விளக்கு. காலையிலேர்ந்து சொட்டுத் தண்ணி இல்ல. ஜன்னல் வழியா உங்களைப் பார்த்து கையாட்டினேன். நீங்களும் திருப்பிக் கையாட்டினீங்க. அப்புறம் பனியை அள்ளி உருக்கித்தான் பிள்ளைங்களைக் கழுவினேன்."

ரேடியோவில் யாரும் சிரிக்கவில்லை. பவுலுசி போனை வைத்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று கிட்டி சொன்னாள்.

ஊராட்சி ஆபீஸில் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. கழிவுநீர் லாரிக்கு மாற்றினார்கள். அதே மாதிரி குழாய்தான். இதில் வீட்டிலிருந்து லாரிக்கு உறிஞ்ச வேண்டும். முதல் நாள் தமுசி பெட்டியோடு வந்து கதவைத் தட்டினான்.

"போடா! தண்ணியில தப்பு பண்ணா பாதிரியார் சறுக்குவாரு. இதுல தப்பு பண்ணா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு."

தமுசி யோசித்துப் பார்த்தான். பீர்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு நாலு அடி பின்னால் நகர்ந்தான்.

அந்த லாரியை ஓட்டத் தெளிந்த தலை வேண்டும். பகலில் கஞ்சா நின்றது. சாயங்காலம் பீர் இருந்தால் பீர், இல்லையென்றால் கஞ்சா. இரண்டும் ஒரே நாளில் கிடையாது. இரண்டு தடவை தவறினார். இரண்டு தடவையும் மறுநாள் அவரே ஹன்னாவிடம் போய்ச் சொன்னார். அவள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள் என்பது ஒரு காரணம்.

ஜூனில் தண்ணீர் லாரி திரும்பக் கிடைத்தது. முதல் வேலையாக அலாசி வீட்டுத் தொட்டியை நிரப்பி, சுவரோரம் நின்றபடியே விளக்கு அணைவதைப் பார்த்தார். கூடவே, எங்கள் பக்கத்துக் குளிர்நீரில் கிடைக்கும் 'சார்' என்கிற மீன், உறையவைத்தது இரண்டு கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை.

போன ஞாயிறு நாங்கள் எல்லோரும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். பவுலுசி சின்ன வயசில் துருவக்கரடியிடம் மாட்டிய கதையைச் சொன்னார். எப்போதும் பாதியில் மறந்து வேறெங்கோ போய்விடுவார். முடிவை நாங்கள் கேட்டதே இல்லை. இந்த முறை முழுசாகச் சொன்னார். கரடி அவரைப் பார்த்ததாம், கொட்டாவி விட்டதாம், போய்விட்டதாம்.

"இவ்வளவுதானா?" என்றாள் கிட்டி. "இதுக்கா நான் இருபது வருஷமா காத்திருந்தேன்?"

"உண்மை அவ்வளவுதான்டி" என்றார் பவுலுசி, டீயை அவள் பக்கம் நகர்த்தி.